2000 புள்ளியை யார் குடுத்தது? - மகளிர் டென்னிஸ் விதிகளின் கதை

மெல்போர்ன்ல படிக்க வந்தவங்களுக்கு ஜனவரி மாசம் ரெண்டு விஷயம் தப்பாது. ஒண்ணு வெயில், இன்னொண்ணு டென்னிஸ். எங்க டிபார்ட்மென்ட்ல எட்டு பேர் சேர்ந்து மகளிர் ஃபேன்டசி டென்னிஸ் ஆடுறோம். காசு பணம் எதுவும் இல்லை. கடைசியா வர்றவங்க எல்லாருக்கும் காபி வாங்கித் தரணும், அவ்ளோதான் :-)

கிரிக்கெட்லயே ஊறிப்போன நம்ம மக்களுக்காக விதிகளைச் சுருக்கமா சொல்லிடறேன்.

1. போட்டி ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி எட்டு வீராங்கனைகளைத் தேர்ந்தெடுக்கணும். முதல் பந்து விழுந்ததும் கதவைச் சாத்திடுவோம்.

2. எட்டு பேரும் டாப் டென் ஆளுங்களா இருக்கக் கூடாது. ரேங்கிங் 1-10, 11-20, 21-50, 51-க்கு அப்புறம்னு நாலு கட்டம். ஒவ்வொரு கட்டத்திலேர்ந்தும் ரெண்டு பேர்.

3. அவங்களுக்கு டபிள்யூடிஏ என்ன புள்ளி குடுக்குதோ அதே புள்ளி நமக்கும். கிராண்ட்ஸ்லாம்னா பட்டம் வென்றவருக்கு 2000, இறுதிப் போட்டியில தோத்தவருக்கு 1300, அரையிறுதி 780, காலிறுதி 430. முதல் சுற்றுலயே மூட்டை கட்டினா வெறும் 10.

4. காயம், காய்ச்சல்னு யாராவது விலகினா அவங்க கணக்கு அத்தோட குளோஸ். மாற்று ஆள் கிடையாது.

பார்க்க ரொம்ப சிம்பிள். ஆனா இந்தப் புள்ளிக் கணக்கு எங்கேர்ந்து வந்ததுன்னு தேடிப் படிச்சா, ஒவ்வொரு வரிக்குப் பின்னாலயும் ஒரு சண்டை இருக்கு. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

1968-ல தொழில்முறை ஆட்டக்காரங்களும் பெரிய போட்டிகள்ல ஆடலாம்னு கதவு திறந்தது. அந்த வருஷ விம்பிள்டன்ல ஆண்கள் பட்டம் வென்ற ராட் லேவருக்கு 2000 பவுண்டு. பெண்கள் பட்டம் வென்ற பில்லி ஜீன் கிங்குக்கு 750. அதே புல்தரை, அதே கோப்பை மரியாதை, சம்பளம் மட்டும் பாதிக்கும் கீழே.

1970-ல நிலைமை இன்னும் மோசம். லாஸ் ஏஞ்சலீஸ்ல நடக்க இருந்த ஒரு போட்டியில ஆண்கள் சாம்பியனுக்கு 12,500 டாலர், பெண்கள் சாம்பியனுக்கு 1500 டாலர்னு அறிவிச்சாங்க. பொறுத்தது போதும்னு ஒன்பது பெண்கள் ஹூஸ்டனுக்குப் போய் தனிப் போட்டி ஆடினாங்க. 'வேர்ல்ட் டென்னிஸ்' பத்திரிகை நடத்தின கிளாடிஸ் ஹெல்ட்மேன்தான் ஏற்பாடு. 1970 செப்டம்பர் 23-ஆம் தேதி ஒன்பது பேரும் ஆளுக்கு ஒரு டாலருக்கு ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டாங்க. அமெரிக்க டென்னிஸ் சங்கம் தடை போடும்னு தெரிஞ்சேதான் போட்டாங்க. ஸ்பான்சர் வர்ஜீனியா ஸ்லிம்ஸ், அதாவது சிகரெட் கம்பெனி! விளையாட்டு வீராங்கனைகளுக்குக் கைகொடுக்க வந்த ஆளைப் பாருங்க.

அந்தப் பொறிதான் 1973 ஜூன் மாசம் லண்டன் ஹோட்டல் ஒண்ணுல டபிள்யூடிஏ சங்கமா ஆச்சு. அதே வருஷம் யு.எஸ். ஓப்பன் ஆண், பெண் ரெண்டு பேருக்கும் சமமான பரிசுன்னு அறிவிச்சுது. விம்பிள்டன் அந்த இடத்துக்கு வர 2007 ஆச்சு. 34 வருஷம்!

இப்ப நம்ம புள்ளிக் கணக்குக்கு வருவோம். 1975 நவம்பர் வரைக்கும் பெண்களுக்குன்னு கம்ப்யூட்டர் ரேங்கிங் கிடையாது. யார் பெரிய ஆட்டக்காரின்னு பத்திரிகைக்காரங்களும் சங்கத்துப் பெரியவங்களும் சொல்றதுதான் சட்டம். யாரைப் போட்டியில சேர்க்கிறதுங்கிறதுலயும் அவங்க கை ஓங்கியிருக்கும். 1975 நவம்பர் 3-ஆம் தேதி முதல் பட்டியல் வந்தது. நம்பர் 1 கிறிஸ் எவர்ட். இனிமே மூஞ்சி பார்த்து இல்லை, புள்ளி பார்த்துத்தான் இடம்.

நல்ல விஷயம்தானே? ஆமா. ஆனா கணக்கும் மனுஷங்க போடுறதுதானே.

ஈவான் கூலகாங் பேரு கேள்விப்பட்டிருப்பீங்க. ஆஸ்திரேலியப் பூர்வகுடியான விரஜுரி இனத்தைச் சேர்ந்தவர். நியூ சவுத் வேல்ஸ்ல பெரெல்லன்ங்கிற சின்ன ஊர்ல வளர்ந்தவர். ஒற்றையர் ஆட்டத்துல ஏழு கிராண்ட்ஸ்லாம். ஆனா 31 வருஷமா அவர் பேருக்கு முன்னால 'முன்னாள் நம்பர் 1'ங்கிற பட்டம் கிடையாது. 2007 டிசம்பர்லதான் டபிள்யூடிஏ பழைய தாள்களை எல்லாம் சரிபார்த்துட்டு ஒரு அறிவிப்பு விட்டுது: 1976 ஏப்ரல் கடைசியில ரெண்டு வாரம் கூலகாங் நம்பர் 1-ஆ இருந்திருக்கார்! அப்ப கணக்குப் போட்டவங்க கையில முழு விவரம் இல்லாததால அந்த ரெண்டு வாரமும் எவர்ட் பேர்லயே போயிடுச்சு. உலகத்திலேயே ரெண்டாவதா அந்த இடத்தைப் பிடிச்ச பெண் அவர். அது அவருக்கே தெரிய வந்தபோது வயசு 56.

காணாமப் போனது சில தாள்கள்தான். ஆனா பூர்வகுடிப் பெண் ஒருத்தர் உலகத்துல முதலிடம்னு 1976-ல ஆஸ்திரேலியப் பத்திரிகைகள்ல வந்திருக்க வேண்டிய தலைப்புச் செய்தியும் அதோட போச்சு. அதை 2007-ல அச்சடிச்சா சரியாயிடுமா?

அடுத்து எங்க நாலாவது விதி. 'விலகினா கணக்கு குளோஸ்'னு சொல்றது எவ்வளவு சுலபம்! 1993 ஏப்ரல் 30, ஹாம்பர்க். நம்பர் 1-ஆ இருந்த மோனிகா செலஸை, ஆட்டத்துக்கு நடுவுல உட்கார்ந்திருந்தப்ப ஒருத்தன் முதுகுல கத்தியால குத்தினான். ஸ்டெஃபி கிராஃப் திரும்ப நம்பர் 1 ஆகணுங்கிறதுதான் அவன் நோக்கம். அதாவது அவன் குறி வெச்சது ஒரு பெண்ணோட உடம்பை மட்டும் இல்லை, புள்ளிப் பட்டியலையும். செலஸோட இடத்தை அப்படியே நிறுத்தி வெக்கலாமான்னு முன்னணி வீராங்கனைகள்கிட்ட கேட்டாங்க. பெரும்பாலானவங்க வேண்டாம்னுட்டாங்க. கேப்ரியேலா சபாட்டினி மட்டும் வாக்களிக்காம ஒதுங்கிக்கிட்டார். ஜூன் மாசம் கிராஃப் நம்பர் 1. அவன் நினைச்சது நடந்துடுச்சு.

1995 ஆகஸ்ட்ல செலஸ் திரும்பி வந்தப்ப கிராஃபோட சேர்த்து இணை நம்பர் 1-னு வெச்சாங்க. வந்த முதல் போட்டியிலேயே டொராண்டோல பட்டம் ஜெயிச்சார். அந்த இடத்துக்குத் தகுதி இருந்ததான்னு கேட்டவங்களுக்கு அதுவே பதில்.

காயத்துக்காவது அனுதாபம் உண்டு. குழந்தை பெத்துக்கிட்டா? 2017 செப்டம்பர்ல செரீனா வில்லியம்ஸ் தாயானார். 2018 பிரெஞ்சு ஓப்பனுக்கு வந்தப்ப ரேங்கிங் 400-க்கும் கீழே. தரவரிசைச் சலுகை எதுவும் குடுக்கலை. அடுத்த மாசம் விம்பிள்டன் 25-ஆம் இடம் குடுத்துது, அவர் இறுதிப் போட்டி வரைக்கும் போனார். பெரிய விவாதம் ஆனதுக்கு அப்புறம் 2018 டிசம்பர்ல டபிள்யூடிஏ விதியை மாத்துச்சு. குழந்தை பிறந்ததிலேர்ந்து மூணு வருஷம் வரைக்கும் பழைய ரேங்கிங்கை வெச்சுப் போட்டிகள்ல நுழையலாம். கூலகாங் இந்தச் சலுகை எதுவும் இல்லாமலே, தாயான பிறகு 1980-ல விம்பிள்டன் ஜெயிச்சவர்ங்கிறதை இந்த இடத்துல நினைச்சுக்குங்க.

புள்ளியே இல்லாத பட்டமும் உண்டு. 2022 விம்பிள்டன்ல ரஷ்ய, பெலாரஸ் ஆட்டக்காரங்களுக்குத் தடை போட்டதால, டபிள்யூடிஏ அந்தப் போட்டிக்குப் புள்ளி கிடையாதுன்னு சொல்லிடுச்சு. எலெனா ரிபாகினா கோப்பையை ஜெயிச்சார், 2000 புள்ளிக்குப் பதிலா பூஜ்யம். எங்க மூணாவது விதிப்படி அன்னிக்கு அவரைத் தேர்ந்தெடுத்திருந்தா நமக்கும் பூஜ்யம்தான்!

கடைசியா நம்ம ஊர்க் கணக்கு ஒண்ணு. 1998-ல இதே மெல்போர்ன்ல கோயம்புத்தூர்ப் பொண்ணு நிருபமா வைத்யநாதன் முதல் சுற்றுல இத்தாலியின் குளோரியா பிட்சிகினியை ஜெயிச்சார். ஓப்பன் காலத்துல கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பிரதான சுற்றுல வெற்றி பெற்ற முதல் இந்தியப் பெண். இன்னிக்குக் கணக்குல ரெண்டாவது சுற்றுக்கு 70 புள்ளி. ஃபேன்டசி ஆடுறவங்க கண்ணை எடுத்துக்கூடப் பார்க்காத வரி அது. ஒரு நாட்டுக்கு அது வரலாறு.

நீங்களும் நண்பர்களோட இந்த மாதிரி ஆட்டம் ஆரம்பிச்சீங்கன்னா ரெண்டு விஷயம் சேர்த்துக்குங்க. நடுவுல விலகுறவங்க அதுவரைக்கும் எடுத்த புள்ளியை அழிக்காதீங்க. அப்புறம், கணக்குத் தாளைப் பத்திரமா வெச்சுக்குங்க. யாரோட ரெண்டு வாரம் அதுல இருக்குன்னு யாருக்குத் தெரியும்?