ஆசிரியையின் நினைவும் ஊரின் வரலாறும்

ஊர் வரலாறு எழுதப் புகுவோர் முதலில் நாடுவன கல்வெட்டும் செப்பேடும் அரசு ஆவணங்களுமே. கோயிற்சுவர் கொடையாளியின் பெயரைச் சொல்லும். நிலப்பதிவேடு வரி செலுத்தியவரின் பெயரைச் சொல்லும். அவ்வூரில் முதன்முதலாகப் பள்ளிக்கு வந்த பெண்பிள்ளை யார், எந்த வகுப்போடு அவள் படிப்பு நின்றது, ஏன் நின்றது என்னும் செய்திகளை இவற்றில் காண இயலாது. அவற்றை அறிந்தவர், அங்கே பல்லாண்டு பாடம் நடத்தி ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவரே. சங்கரன்கோவில் வட்டாரத்து ராயகிரிக்கும் இது பொருந்தும். தலைநகராகிய சென்னைக்கும் பொருந்தும். இதற்குத் தக்க சான்று சகோதரி சுப்புலட்சுமி அம்மையாரின் பிற்கால வாழ்வு.

1886-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 18-ஆம் நாள் மயிலாப்பூரில் பிறந்த அம்மையார், சிறுமியாக இருந்தபோதே மணம் முடிக்கப் பெற்றுக் கைம்மையும் எய்தினார். கைம்பெண் எதிர்ப்படுவதையே தீச்சகுனமாகக் கருதிய காலம் அது. எனினும் தலைமழிக்கும் வழக்கத்துக்கு மகளை உட்படுத்தப் பெற்றோர் உடன்படவில்லை. அவரைப் படிக்க வைத்தனர். 1911-இல் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்ற அம்மையார், மறு ஆண்டே இளங்கைம்பெண்கள் தங்கிப் பயில ஓர் இல்லத்தைத் தொடங்கினார். கைம்பெண்ணாகிய சிற்றன்னை வாலாம்பாள் அதற்குத் துணை நின்றார். பெண் பள்ளிகளின் ஆய்வாளராக இருந்த கிறிஸ்டினா லிஞ்ச் அம்மையாரின் ஆதரவும் கிட்டியது. நாலைந்து பிள்ளைகளோடு எழும்பூரில் தொடங்கிய அவ்வில்லம், பின்னர்க் கடற்கரையிலுள்ள ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில் வளர்ந்தது. 1922-இல் தொடங்கப் பெற்ற லேடி வெலிங்டன் ஆசிரியைப் பயிற்சிக் கல்லூரியின் முதல் முதல்வரும் அம்மையாரே.

அவர் முயற்சிக்கு எல்லைகளும் இருந்தன என்பதை வரலாறு மறைத்தல் ஆகாது. தொடக்கத்தில் அவ்வில்லம் பிராமணக் கைம்பெண்களுக்கே இடமளித்தது. அக்காலச் சமூகக் கட்டுப்பாட்டை ஒரேயடியாக மீறினால், பெற்றோர் பெண்களை அனுப்பமாட்டார்கள் என்னும் அச்சம் ஒரு காரணம். அதே அம்மையார், ஐஸ் ஹவுஸை அடுத்த மீனவர் குப்பத்துப் பிள்ளைகளுக்கும் பள்ளி ஒன்று ஏற்படுத்தினார் என்பதையும் சேர்த்தே நோக்குதல் வேண்டும்.

இவ்வளவும் பலர் அறிந்த செய்தி. அரசுப் பணிக்காலத்துக்குப் பின் அவர் ஆற்றிய தொண்டு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஜப்பானியர் தாக்குதலுக்கு அஞ்சிச் சென்னை மக்கள் வெளியூர்களுக்கு ஓடிய 1942-ஆம் ஆண்டில், மயிலாப்பூரில் வயதுவந்த பெண்களுக்கென அவர் ஸ்ரீவித்யா கலாநிலயத்தைத் தொடங்கினார். பள்ளிப் பருவத்தில் படிப்பை இழந்தவள், வயது வந்தபின் சிறு பிள்ளைகளோடு ஒரே பலகையில் அமர நாணுவாள். அவளுக்குத் தனிப்பள்ளி தேவை. இதனைக் கண்டுணர்ந்தது வாழ்நாளெல்லாம் வகுப்பறையில் நின்ற அனுபவமே எனலாம்.

1952 முதல் 1956 வரை சென்னைச் சட்ட மேலவையில் உறுப்பினராக இருந்தார். அப்பொறுப்பின் இடையே, 1954-இல், தாம்பரத்தை அடுத்த மாடம்பாக்கத்திலும் ஸ்ரீவித்யா கலாநிலயம் அமையக் காரணமானார். இன்று தாம்பரம் மாநகராட்சிக்குள் அடங்கிய மாடம்பாக்கம், அன்று ஒரு சிற்றூர். நகரத்தில் பெயரும் செல்வாக்கும் பெற்ற ஒருவர் 68 வயதில் சிற்றூரை நோக்கி நடந்தது எண்ணத்தக்கது. 1956-இல் மயிலாப்பூர் மகளிர் மன்றத்தின் வாயிலாக ஒரு பள்ளி எழுந்தது. வித்யா மந்திர் எனப் பின்னர்ப் பெயர் பெற்றது அதுவே. அதற்கு வழிகாட்டிய மன்றத் தலைவி சுப்புலட்சுமி அம்மையார். கைம்பெண்களை விழாக்களிலிருந்து விலக்கி வைத்த சமூகம், தன் பிள்ளைகளின் கல்விக்கு ஒரு கைம்பெண்ணையே நாடி வந்தது. பிறந்த ஊர் அவருக்குச் செலுத்திய கடன் இதுவென்றால் மிகையாகாது. 1958-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர், 1969 டிசம்பர் 20-ஆம் நாள் மறைந்தார்.

இச்செய்திகள் நமக்குக் கிடைத்த வழி இலக்கிய அன்பர்கள் சிந்திக்கத்தக்கது. 1919-இல் மாநிலக் கல்லூரிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற உ. வே. சாமிநாதையர், 1940 முதல் ஆனந்த விகடனில் ‘என் சரித்திரம்’ எழுதினார். அதனால் உத்தமதானபுரம் என்னும் சிற்றூரின் திண்ணையும் குளமும் மனிதரும் தமிழுலகம் முழுவதும் அறிந்தவையாயின. ஆசிரியர் ஒருவரின் நினைவு, ஓர் ஊரை அழியாமற் காத்தது.

சுப்புலட்சுமி அம்மையாரின் இளமை நினைவுகளை விரிவாகக் கேட்டு நூலாக்கியவரோ, இங்கிலாந்திலிருந்து வந்து சென்னையில் வாழ்ந்த மோனிகா பெல்டன். அந்நூல் 1966-இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. அப்போது அம்மையாருக்கு வயது ஏறத்தாழ 80. இன்னும் சில ஆண்டுகள் தாழ்த்தியிருந்தால், ஒரு சிறுமி தன் கைம்மையைத் தன் கண்ணால் கண்ட வரலாறு அவரோடே மறைந்திருக்கும். தமிழ் பேசும் வீட்டில் தமிழில் நிகழ்ந்த துயரத்தை அயலார் ஒருவர் வந்து அயல்மொழியில் எழுதும்வரை தமிழ் எழுத்துலகம் காத்திருந்தது. இது வருந்தத்தக்கதே.

அம்மையாருக்கு ஒரு பெல்டன் கிடைத்தார். மேற்குமலைச் சாரலில், கரும்பும் நெல்லும் விளையும் சிற்றூர்களில் பணியாற்றி ஓய்ந்த ஆசிரியைகளுக்கு யார் கிடைப்பர்? ஓய்வூதியத்திலிருந்து ஒரு மாணவியின் தேர்வுக் கட்டணத்தைக் கட்டியவர் உண்டு. மாலையில் திண்ணையில் இலவசமாகப் பாடம் சொல்லியவர் உண்டு. மகளின் படிப்பை நிறுத்த வேண்டாமென்று வீடு வீடாகச் சென்று மன்றாடியவர் உண்டு. அவர்தம் பெயர்கள் எந்த விருதுப் பட்டியலிலும் இடம்பெறுவதில்லை.

பத்தாண்டு நிறைவு காணும் இலக்கிய வட்டத்துக்கு, அடுத்த பத்தாண்டுக்குரிய பணி இதுவாக அமையலாம். கவியரங்கமும் திறனாய்வும் தொடரட்டும்; அவற்றோடு, ஊருக்கு ஒருவராக மூத்த ஆசிரியைகளை அணுகி, அவர்கள் சொல்வதை அவர்கள் சொல்லும் மொழியிலேயே எழுதி வைத்தல் வேண்டும். கல்வெட்டு இன்னும் நூறாண்டு காத்திருக்கும். அவர்கள் காத்திருக்க இயலாது.