வளர்ப்புக் கிளிக்குத் துணை சேர்த்தல்

ஏற்கெனவே ஒரு கிளி வாழும் வீட்டுக்கு இன்னொரு கிளியைக் கொண்டுவந்து, நோய் தொற்றாமலும் ஒன்றையொன்று காயப்படுத்தாமலும் இரண்டும் வாழும்படி படிப்படியாகப் பழக்கும் முறை இது. வீடுகளில் வளர்க்கப்படும் கிளியினங்களில் பெரும்பாலானவை இயற்கையில் கூட்டமாகவோ இணையாகவோ வாழ்பவை. தனித்து வாழ்வது அவற்றின் இயல்பு அன்று. அதற்காக எந்தக் கிளியும் எந்தக் கிளியோடும் சேர்ந்துவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. கிளி தன் இணையைத் தானே தேடிக்கொள்ளும் பறவை. கடையில் நாம் பார்த்து எடுத்துவந்த கிளி வீட்டுக் கிளிக்குப் பிடிக்காமல் போவது வழக்கமாக நடப்பதுதான்.

தனிமையும் துணையும்

தனியே அடைத்து வைக்கப்படும் கிளி மெலிந்து போகாவிட்டாலும் பாதிக்கப்படுகிறது என்பதற்குச் சான்றுகள் உண்டு. வியன்னாவில் சாம்பல் நிற ஆப்பிரிக்கக் கிளிகளின் ரத்தத்தைச் சோதித்து 2014இல் வெளியான ஆய்வு, தனியாக வளர்ந்தவற்றின் குரோமோசோம் முனைகள் இணையோடு வளர்ந்தவற்றைவிடக் குட்டையாக இருப்பதைக் காட்டியது. இம்முனைகள் வயது ஏற ஏறத் தேய்பவை, அழுத்தத்தாலும் தேய்பவை. கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் இளம் அமேசான் கிளிகளை ஒரே பாலினமாக இரண்டிரண்டு சேர்த்து வளர்த்துப் பார்த்த ஆய்வு 2003இல் வெளியானது. தனியே இருந்தவற்றைவிட இவை சுறுசுறுப்பாக இருந்தன, குறைவாகக் கத்தின. ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும் பழக்கமும் இவற்றில் தோன்றவில்லை. சுவிட்சர்லாந்தில் 2008இல் நடைமுறைக்கு வந்த விலங்குப் பாதுகாப்பு ஆணை, கூடி வாழும் இயல்புள்ள கிளிகளைத் துணையின்றி வளர்க்க அனுமதிப்பதில்லை.

டேவிஸ் ஆய்வில் இருந்தவை இளம் பறவைகள் என்பதைக் கவனிக்க வேண்டும். கண் திறக்கும் முன்பே கூட்டிலிருந்து எடுத்து, கையால் ஊட்டி, பல ஆண்டுகள் மனிதரோடு மட்டுமே வளர்க்கப்பட்ட கிளி, வீட்டில் ஒருவரையே தன் இணையாகக் கொண்டிருக்கும். அதற்கு இன்னொரு கிளி தோழன் அன்று, தன் இணையைப் பறிக்க வந்த போட்டியாள்.

இறகைப் பிடுங்கிக்கொள்கிறது, ஓயாமல் கத்துகிறது என்பதற்காகத் துணை வாங்குவோர் பலர். இது தவறான காரணம். இறகு பிடுங்குவதற்குத் தோல் நோய், ஈரல் கோளாறு, வெறும் விதைத் தீவனத்தால் வரும் சத்துக் குறைவு, பொழுது போகாமை எனப் பல காரணங்கள் இருக்கலாம். அவற்றை மருத்துவரிடம் காட்டித் தீர்க்காமல் இரண்டாவது கிளியைக் கொண்டுவந்தால், கத்தக் கற்றுக்கொண்ட இரண்டு கிளிகளே மிஞ்சும்.

இனப் பொருத்தம்

தன் இனத்தோடு சேர்ப்பதே பாதுகாப்பானது. தமிழ்நாட்டுக் கடைகளில் லவ் பேர்ட்ஸ் என்று விற்கப்படுவது பெரும்பாலும் ஆஸ்திரேலியாவின் பட்ஜெரிகர். உண்மையான லவ் பேர்டு ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. கடைக்காரர்கள் அதை ஆப்பிரிக்கன் லவ் பேர்ட்ஸ் என்பார்கள். பட்ஜெரிகர் முப்பது, நாற்பது கிராம் எடையுள்ள சாது. ஆப்பிரிக்கப் பறவை அதைவிடச் சற்றே பெரியதுதான் என்றாலும் தடித்த அலகும் முரட்டுக் குணமும் கொண்டது. பெயரை நம்பி இரண்டையும் ஒரே கூண்டில் விட்டால் பட்ஜெரிகரின் கால் விரல்கள் போகும். கொண்டை உள்ள காக்கடீல் தொண்ணூறு கிராம் எடை இருந்தும் தற்காத்துக்கொள்ளத் தெரியாதது. அதையும் ஆப்பிரிக்கப் பறவையோடு சேர்க்கக் கூடாது.

அலகின் வலு மட்டும் கணக்கில்லை. காக்கட்டூ, காக்கடீல், சாம்பல் கிளி ஆகியவற்றின் இறகிலிருந்து வெண்பொடி உதிர்ந்துகொண்டே இருக்கும். நீல மஞ்சள் மக்காவ் கிளியின் நுரையீரலுக்கு இப்பொடி ஆகாது. காற்றோட்டமில்லாத அறையில் இவற்றைச் சேர்த்து வளர்த்தால் மக்காவுக்கு நிரந்தர மூச்சுக் கோளாறு வரலாம்.

ஆணும் பெண்ணும் சேர்ந்தால் முட்டை வரும். குஞ்சு வேண்டாதவர்கள் பானை, பெட்டி, இருட்டு மூலை எதையும் கூண்டில் வைக்கக் கூடாது. தொடர்ந்து முட்டையிடும் பெட்டைக்குச் சுண்ணாம்புச் சத்து குறைந்து, முட்டை வெளிவராமல் சிக்கி உயிர் போவதுண்டு. வளர்ந்த பட்ஜெரிகரில் மூக்கின் மேலுள்ள சதைப்பட்டை ஆணுக்கு நீலமாகவும் பெண்ணுக்குப் பழுப்பாகவும் இருக்கும் (வெளிர்நிற வகைகளில் இக்குறி பொய்த்துவிடும்). சாம்பல் கிளி போன்றவற்றில் இறகையோ ரத்தத்தையோ கொடுத்து மரபணுச் சோதனை செய்தே பாலினத்தை உறுதி செய்ய முடியும்.

சட்டம்

இந்தியாவில் பச்சைக்கிளி உள்ளிட்ட உள்நாட்டுக் கிளியினங்களை வாங்குவதும் வளர்ப்பதும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வீட்டில் இருக்கும் பச்சைக்கிளிக்கு ஜோடி தேடுவோர் முதலில் வனத்துறையை அணுக வேண்டியவர்கள். வெளிநாட்டுக் கிளிகளில் பெரும்பாலானவை அருகிவரும் உயிரினங்களுக்கான பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையின் பட்டியல்களில் உள்ளன. சாம்பல் கிளி மிகக் கடுமையான முதல் பட்டியலில் இருக்கிறது. இப்பட்டியல்களில் உள்ள கிளிகளை வைத்திருப்போர் 2024ஆம் ஆண்டு விதிகளின்படி அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். பட்ஜெரிகர், காக்கடீல், ரோஜா முக லவ் பேர்டு ஆகிய மூன்றும் அப்பட்டியல்களில் இல்லை.

தனிமைக் காலம்

அவசரப்படுவோர் முதலில் விட்டுவிடுவது இதைத்தான். புதுக் கிளியை வேறு அறையில், கதவடைத்து, குறைந்தது 30 நாளும் முடிந்தால் 45 நாளும் வைத்திருக்க வேண்டும். 90 நாள் வேண்டும் என்னும் மருத்துவர்களும் உள்ளனர். ஒரே அறையில் இரு கூண்டு வைப்பதற்குத் தனிமை என்று பெயரில்லை. இறகுத் தூசியும் காய்ந்த எச்சமும் காற்றில் பரவும். சமையலறையும் உதவாது. ஒட்டாத பூச்சு பூசிய வாணலி அளவுக்கு மீறிச் சூடேறினால் எழும் புகை கிளியைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும்.

பழைய கிளிக்கு முதலில் தீவனமும் தண்ணீரும் வைத்துவிட்டு, புதியதைக் கடைசியாகப் பார்க்க வேண்டும். பிறகு கையைச் சோப்பால் கழுவி, சட்டையையும் மாற்றிக்கொள்வது நல்லது. கிண்ணம், உட்காரும் குச்சி, கடல் நுரை எதையும் இரண்டுக்கும் பொதுவாக வைக்கக் கூடாது.

இத்தனை எச்சரிக்கைக்குக் காரணம் சில நோய்கள். கிளிக் காய்ச்சலை உண்டாக்கும் கிளமிடியா சிட்டாசி என்ற நுண்ணுயிர் வெளியே நலமாகத் தெரியும் பறவையிலும் இருக்கும். மனிதருக்கும் தொற்றி, கடும் தலைவலி, வறட்டு இருமல், நுரையீரல் அழற்சி வரை கொண்டுபோகும். 1929, 1930ஆம் ஆண்டுகளில் தென் அமெரிக்காவிலிருந்து ஏற்றுமதியான கிளிகள் வழியாக இது பல நாடுகளுக்குப் பரவி உயிர்களைப் பறித்தது. டாக்சிசைக்ளின் மருந்தால் குணமாகும். பறவைக்கு வழக்கமாக 45 நாள் கொடுப்பார்கள். அலகையும் இறகையும் தாக்கும் சர்க்கோ வைரஸ் நோய்க்கு அப்படி மருந்தில்லை. இறகு கோணலாக முளைக்கும், அலகு உடையும், எதிர்ப்பாற்றல் ஒடுங்கும். இந்த வைரஸ் கூண்டிலும் தூசியிலும் நெடுநாள் அழியாமல் கிடக்கும். ஆகவே தனிமைக் காலத்திலேயே ரத்தமும் எச்சமும் சோதனைக்குப் போக வேண்டும். எல்லாக் கால்நடை மருத்துவர்களும் கிளி பார்ப்பதில்லை. பறவை பார்த்துப் பழகியவர் யார் என்பதைக் கிளி வாங்கும் முன்பே விசாரித்து வைப்பது நல்லது. சென்னைவாசிகளுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது.

நோயை மறைப்பது கிளியின் தற்காப்பு. கண்ணுக்குத் தெரியும்போது நோய் முற்றியிருக்கும். சமையலறைத் தராசில் தினமும் காலையில் தீவனத்துக்கு முன் எடை பார்ப்பது எளிய வழி. எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் காத்திருக்கக் கூடாது.

அறிமுகம்

தனிமைக் காலம் முடிந்ததும் கூண்டுகளை ஒரே கூடத்தின் எதிரெதிர் மூலைகளில் வைத்து, நாள்போக்கில் நெருக்கலாம். கூண்டுகள் ஒட்டியிருக்கக் கூடாது. கம்பியைப் பற்றியிருக்கும் விரலை எதிர்க் கூண்டுக் கிளி கடித்துவிடும். இரண்டும் ஒன்றின் முன்னால் ஒன்று நிம்மதியாகத் தின்கின்றன, இறகு கோதுகின்றன, தூங்குகின்றன என்றால் அடுத்த படிக்குப் போகலாம்.

வெளியே விடும் முதல் சந்திப்பு இரண்டுக்கும் சொந்தமில்லாத இடத்தில் நடக்க வேண்டும். பழைய கிளியின் கூண்டு மேல் புதியது போய் உட்கார்வதுதான் பெரும்பாலான சண்டைகளின் தொடக்கம். மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலை மூடி, அடுப்பை அணைத்த பிறகே திறந்து விட வேண்டும். சண்டையைவிட விசிறிக்குப் பலியான கிளிகளே அதிகம் என்று தோன்றுமளவுக்கு இது சாதாரணமாக நடக்கிறது. சில நிமிடங்கள் போதும். ஒரு துண்டு கையருகே இருக்கட்டும். சண்டை வந்தால் நடுவில் விரலை விடாமல் துண்டைப் போட்டுப் பிரிக்கலாம்.

கண்மணி விரிந்து சுருங்கி, வால் விசிறிபோல் விரிந்து, கழுத்து இறகு சிலிர்த்தால் கடி வரப்போகிறது. இதே கண்மணி ஆட்டம் மகிழ்ச்சியிலும் வரும் என்பதால் உடலையும் சேர்த்துப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும். காக்கடீல் கொண்டையைத் தலையோடு படியவிட்டுச் சீறினால் விலக்கிவிட வேண்டும். தலையைத் தாழ்த்திக் கழுத்தைக் கோதக் கொடுப்பதும் அருகருகே உட்கார்ந்து அலகை நறநறப்பதும் இணக்கத்தின் குறிகள்.

மூத்த கிளியின் உரிமை குறையக் கூடாது. காலையில் அதனிடம்தான் முதலில் பேச வேண்டும்; கொய்யாத் துண்டு அதற்குத்தான் முதலில் போக வேண்டும். கிளி ஆய்வாளர் ஐரின் பெப்பர்பெர்க்கின் ஆய்வகத்தில் புகழ்பெற்ற சாம்பல் கிளி அலெக்ஸ் இருந்தபோது, 1995இல் கிரிஃபின் என்ற குஞ்சு வந்து சேர்ந்தது. 2007இல் இறக்கும்வரை அலெக்ஸ்தான் அங்கே மூத்தவன். இளைய பறவைகள் பாடத்தில் சொல்லைக் குழறினால் தெளிவாகச் சொல்லும்படி குறுக்கிட்டு அதட்டும். ஆனால் உயரத்தில் உட்காரும் கிளி ஆதிக்கம் செலுத்தும் என்று வளர்ப்போர் பலர் நம்புவதற்கு உறுதியான ஆதாரம் இல்லை.

இரண்டாவது வந்தால் முதலாவது பேச்சை மறந்துவிடும் என்ற அச்சம் மிகை. கற்ற சொல் போகாது. ஆனால் இரண்டும் இணைந்துவிட்டால் மனிதரை நாடுவது குறையலாம். துணை சேர்ப்பது பறவைக்காக என்றால் அதை ஏற்கத்தான் வேண்டும்.

முடிவு எப்படி அமையும்

பட்ஜெரிகர்கள் சில வாரங்களில் கூடிவிடும். பெரிய கிளிகளுக்கு மாதங்கள், சிலவற்றுக்கு ஓர் ஆண்டுக்கும் மேல் ஆகும். ஒரே கூண்டில் சேர்வது மட்டுமே வெற்றி என்று கொள்வது தவறு. அடுத்தடுத்த கூண்டுகளில் இருந்து ஒன்றின் குரலுக்கு ஒன்று பதில் கொடுத்து வாழும் இரு கிளிகளும் தனிமையில் இல்லை. காக்கடீல் 15 முதல் 20 ஆண்டும் சாம்பல் கிளி 40 ஆண்டுக்கு மேலும் வாழக்கூடியவை. அவ்வளவு காலமும் அவை தனித்தனிக் கூண்டிலேயே இருக்க நேரலாம். ஆகவே இரண்டாவது கிளியை வாங்குவோர் முழு அளவுள்ள இரண்டாவது கூண்டையும் சேர்த்தே வாங்க வேண்டும். சின்னக் கூண்டு பத்து நாளைக்குப் போதும், அப்புறம் ஒன்றாக விட்டுவிடலாம் என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம்.