இருவருக்கும் பதினெட்டு

மணி ஜெகதீசனையும் கைருல் ஹஃபிஸ் ஜந்தானையும் அருகருகே வைத்ததும் கண்ணில் படுவது 0.02 வினாடி. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் ஜெகதீசன் 200 மீட்டரை 20.92 வினாடியில் ஓடினார். 2017இல் கைருல் அந்த மலேசியத் தேசியச் சாதனையை 20.90 ஆக்கினார். இடையில் 49 ஆண்டுகள். ஒப்பீடு பெரும்பாலும் இங்கேயே முடிந்துவிடுகிறது. இருவரின் தொடக்கக் காலமோ இதைவிடச் சுவையானது.

மலாக்காத் தமிழருக்கு இதில் தனி ஈடுபாடும் உண்டு. ஜெகதீசன் பேராக்கின் கோலகங்சாரில் பிறந்தவர், நம் இனத்தவர். கைருல் மலாய்க்காரர், நம் மாநிலத்துப் பிள்ளை. ஜாசினிலோ ஆலோர் காஜாவிலோ தமிழ்ப்பள்ளித் திடலில் ஓடும் சிறுவன் இருவரையுமே தன்னவர் என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஜெகதீசன் நீண்ட தூரத்திலிருந்து குறுகிய தூரத்துக்கு இறங்கி வந்தவர். 1960இல் ரோம் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் ஓடியபோது அவருக்கு வயது 16. கைருல் எதிர்த்திசையில் வந்தவர். 100 மீட்டரில் பெயர் பெற்ற பிறகே 200இல் சாதனைக்கு வந்தார். இருவரும் சந்தித்தது நடுவிலுள்ள 200 மீட்டரில்.

எதிர்பாராத ஒற்றுமை வயதில் இருக்கிறது. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் ஜெகதீசன் 200 மீட்டர் தங்கம் வென்றபோது அவருக்கு 18. 2016இல் சரவாக்கில் நடந்த சுக்மா எனப்படும் மலேசிய விளையாட்டுப் போட்டியில் கைருல் 100 மீட்டரை 10.18 வினாடியில் ஓடியபோது அவருக்கும் 18, அதுவும் நிறைந்து சில நாள்களே. அவர் உடைத்தது வாட்சன் நியாம்பேக்கின் தேசியச் சாதனையான 10.30. அந்தச் சாதனை பிறந்ததும் கைருல் பிறந்ததும் ஒரே ஆண்டில், 1998இல். உடைந்ததோ வாட்சனின் சொந்த மாநிலத்தில்!

வேற்றுமை பெரும்பாலும் காலத்தினுடையது. தேசிய விளையாட்டு மன்றத்துக்கான சட்டமே 1971இல்தான் வந்தது; ஜெகதீசன் அதற்கு முன்பே ஓடி முடித்துவிட்டார். சிங்கப்பூரில் மருத்துவம் படித்தபடி 1964இல் தோக்கியோ ஒலிம்பிக்கில் 200 மீட்டர் அரையிறுதிக்கு வந்தார். 1966இல் பேங்காக் ஆசிய விளையாட்டில் 100, 200, அஞ்சல் ஓட்டம் என்று மூன்று தங்கம். கைருலுக்கோ விளையாட்டுப் பள்ளிகளும் முழுநேரப் பயிற்சியும் வேரூன்றிய காலம் வாய்த்தது. எதிர்பார்ப்பின் சுமையும் அதனுடன் வந்தது. 19 வயதில் கோலாலம்பூரில் நடந்த தென்கிழக்காசிய (சீ) விளையாட்டுப் போட்டியில், சொந்த நாட்டு இரசிகர்கள் முன்னிலையில், 10.38இல் 100 மீட்டர் தங்கம் வென்று அந்தச் சுமையை இறக்கி வைத்தார்.

0.02ஐ வைத்து மட்டும் யார் வேகமானவர் என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. மெக்சிகோ நகரம் கடல்மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்று மெலிது, செயற்கை ஓடுதளமும் ஒலிம்பிக்கில் முதன்முறையாக அங்குதான் போடப்பட்டிருந்தது. இரண்டும் குறுந்தூர ஓட்டத்துக்குச் சாதகம். ஆனால் அதுவரை ஜெகதீசன் வளர்ந்தது சாம்பல் தடங்களில். கணக்கை நேர் செய்ய வழியில்லை. தொடக்கக் காலத்தை மட்டும் எடைபோட்டால் ஜெகதீசன் பக்கமே சாய்வேன்: பதினெட்டில் கைருலுக்குக் கிடைத்தது தேசியச் சாதனை, ஜெகதீசனுக்குக் கிடைத்தது ஆசியப் பட்டம்.

கைருலின் 10.18 ஆறு ஆண்டுகள் நின்றது. 2022இல் கொலம்பியாவின் காலி நகரில், 20 வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டியில், பேராக்கின் அசிம் ஃபாமி அதை 10.09 ஆகக் குறைத்தார். அவருக்கும் அப்போது வயது 18.