லயமும் கோயிலும்: கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களை முன்வைத்துச் சமயத்தின் தேவை குறித்து

மனிதருக்குச் சமயம் தேவையா என்ற கேள்வியைக் கடவுள் உண்டா இல்லையா என்ற வழக்கோடு சேர்த்துப் பேசுவது நம்மிடையே நெடுநாள் பழக்கம். இரண்டும் ஒன்றல்ல. உலகைப் படைத்தவன் ஒருவனை ஒப்புக்கொள்ளாத சமணமும் பௌத்தமும் தமிழ்நாட்டில் பல நூற்றாண்டுகள் சமயங்களாகவே வாழ்ந்தன. இறையை உள்ளத்தில் வைத்துக்கொண்டே எந்தக் கோயிலுக்கும் கட்டுப்படாத சித்தர்களும் நம்மிடம் இருந்தார்கள். எனவே கடவுளின் இருப்பைப் பற்றிய வழக்கை ஒதுக்கிவைத்துவிட்டு, சமயம் மனிதருக்கு என்ன செய்தது, அதையே வேறொன்று செய்திருக்க முடியுமா என்று கேட்பதுதான் பயன்தரும். அதைக் கேட்க மலேசியாவின் பகாங் மாநிலத்திலுள்ள கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களை எடுத்துக்கொள்கிறேன். அங்கே வீடு, வேலை, பள்ளி, மருந்து எல்லாம் மேலிருந்து கொடுக்கப்பட்டவை. ஆகவே மக்கள் தாமாக எதை உண்டாக்கிக்கொண்டார்கள் என்பதைத் தனியே பிரித்துப் பார்க்க முடிகிறது.

1885இல் நில அளவையாளர் வில்லியம் கேமரன் கண்டு குறித்த மேட்டுநிலம் இது. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தோட்டத்தைத் தொடங்கினார்; 1933இல் பாரத் தோட்டம் வந்தது. உலகப் பொருளாதார மந்தம் கீழே ரப்பர்த் தோட்டங்களை முடக்கி, தமிழ்த் தொழிலாளரைக் கூட்டங்கூட்டமாகக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், கடல்மட்டத்துக்கு ஆயிரம் மீட்டருக்கும் மேலே காட்டை வெட்டி இந்தச் சரிவுகள் தேயிலைக்குத் தயாராயின. 1938இல் இந்திய அரசு மலாயாவுக்குக் கூலித் தொழிலாளர் அனுப்பப்படுவதைத் தடுத்தது. கங்காணிகள் ஊருக்குப் போய் ஆள் சேர்த்துவந்த கங்காணி முறை அதோடு நின்றது. ஊருக்கும் தோட்டத்துக்கும் இடையே இருந்த போக்குவரத்தும் மெலிந்தது. வந்தவர்கள் வந்த இடத்திலேயே ஒரு ஊரை உண்டாக்கிக்கொள்ள வேண்டியதாயிற்று.

அந்த ஊரின் மையம் கோயில். மாரியம்மன், காளியம்மன், முனியாண்டி, மதுரைவீரன் என்று தெய்வம் தோட்டத்துக்குத் தோட்டம் மாறும்; கோயில் இல்லாத தோட்டம் அரிது. தொழிலாளர் வரிசையாகக் குடியிருந்த லயம் கம்பெனியுடையது, வேலையிலிருந்து நின்றால் காலி செய்ய வேண்டும். பள்ளிக்கூடமும் மருந்தகமும் நிர்வாகம் வைத்தவை. தொழிலாளர் தம் கைக்காசைப் போட்டு, தம்மில் ஒருவரைப் பூசாரியாக்கி, தமக்குள் கூடிக் கணக்குப் பார்த்து நடத்தியது கோயில் ஒன்றைத்தான்.

திருவிழா நாளில் நடப்பதைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். காப்புக் கட்டியபின் கரகம் கோயிலிலிருந்து புறப்பட்டு லயம் லயமாக இறங்கி வரும். ஒவ்வொரு வாசலிலும் வீட்டுப் பெண் மஞ்சள் நீரைக் கரகம் எடுப்பவரின் காலில் ஊற்றுவாள். கரகம் நிற்கும், வீட்டார் எல்லோரும் வரிசையாக நின்று திருநீறு வாங்குவார்கள். பிறகு அடுத்த வாசல். எந்த வீட்டையும் தாண்டிப் போவதில்லை. கோயிலுக்குப் போனால் பூசாரி பெயரும் நட்சத்திரமும் கேட்டு அர்ச்சனை செய்வார். அதே பெண்ணுக்கு மறுநாள் செக்ரோல் என்ற வருகைப் பேரேட்டில் இருப்பது ஒரு வரி: வந்தாளா, எத்தனை கிலோ கொழுந்து எடுத்தாள். பேரேட்டில் ஓர் உழைப்பளவாக இருப்பவள் வாசலில் ஒரு குடும்பத்தின் தலைவி. சமயத்தின் தேவை பற்றிய எந்தக் கோட்பாடும் முதலில் இந்தக் காட்சிக்கு விளக்கம் சொல்லியாக வேண்டும்.

எமில் துர்க்கைம் 1912இல் வெளியிட்ட நூலில் ஒரு விளக்கம் தந்தார்: சமயச் சடங்கில் ஒரு சமுதாயம் தன்னைத்தானே வணங்குகிறது, அதன் வழியே ஒன்றுபடுகிறது. இது பாதிதான் பொருந்துகிறது. தோட்டத்தில் எந்தச் சமுதாயம் தன்னை வணங்கியது? கோயில் நிலம் நிர்வாகம் விட்டுக்கொடுத்தது. திருவிழாவுக்கு விடுப்பைத் தோட்ட மேலாளரான துரையிடம் கேட்டு வாங்க வேண்டும்; விழாவன்று அவருக்கு மாலை போட்டு முதல் மரியாதை செய்வார்கள். கோயில் சந்தா சம்பளத்திலேயே பிடிக்கப்பட்டதும் உண்டு. கங்காணி காலத்தில் மரியாதை வரிசை சாதி வரிசையைத்தான் பின்பற்றியது. ஒடுக்கப்பட்ட சாதியார் தனி லயத்தில் இருந்தார்கள். பல தோட்டங்களில் அவர்கள் கும்பிட்ட தெய்வமும் தனியாக இருந்தது. தொழிலாளரின் சொந்த இடமாக இருந்த கோயிலே அவர்களை அடக்கி வைத்த ஒழுங்குக்கும் ஆண்டுதோறும் புத்துயிர் கொடுத்தது. தோட்டக் கோயிலைப் பற்றி ஏக்கத்தோடு எழுதுகிறவர்கள் இதைச் சொல்லாமல் விடுவது எனக்கு ஏற்புடையதல்ல.

சீர்திருத்தக்காரர்கள் இதைத் தெளிவாகக் கண்டார்கள். 1929 டிசம்பரில் பெரியார் பினாங்கில் வந்திறங்கி மலாயா முழுதும் பேசினார். கேமரன் மலைக்கு அடுத்துள்ள ஈப்போவில் நடந்த தமிழர் மாநாட்டிலும் கலந்துகொண்டார். தொடர்ந்து சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் எழுந்தது, 1935இல் கோ. சாரங்கபாணி தமிழ் முரசு இதழைத் தொடங்கினார். காவடி, தீமிதி, உயிர்ப்பலி, கள் ஆகியவற்றை எதிர்த்து அவர்கள் இடைவிடாமல் எழுதினார்கள். அவர்கள் கேட்டது எளிய கேள்வி: மானத்தைத் தரும் என்று நீங்கள் நம்பும் கோயில், உங்களைத் துரையின் முன்னாலும் மேல்சாதிக்காரன் முன்னாலும் நிமிர விட்டதா?

அதற்கு வரலாறு தந்த விடை அவர்கள் பக்கமே இருந்தது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது கூலி உயர்வோடு வேறு சிலவும் கேட்டார்கள்: துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும், கள்ளுக்கடைகள் மூடப்பட வேண்டும், பெண்களிடம் முறைதவறி நடப்பவர்கள் நீக்கப்பட வேண்டும். போருக்குப் பின் கெடாவில் தொண்டர் படை கள்ளுக்கடைகளை மறித்தது. 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது. மானம், நீதி, வழக்குத் தீர்ப்பு, ஆபத்தில் உதவி எனக் கோயிலைச் சுற்றியிருந்த பல வேலைகளைச் சங்கமும் சட்டமும் ஏற்றன, கோயிலைவிட நன்றாகவும் செய்தன. ஆகவே இந்தப் பயன்களைக் காட்டிச் சமயம் மனிதருக்கு இன்றியமையாதது என்று வாதிடுவது செல்லாது. வேறு ஏற்பாடு இல்லாத இடத்தில் சமயம் சுமந்த பாரம் அது. இறக்கி வைக்கக்கூடிய பாரம், இறக்கி வைக்க வேண்டிய பாரமும்கூட.

இந்த இடத்தோடு நின்றுவிட்டால் பிப்பா நாரிஸும் ரொனால்டு இங்கிள்ஹார்ட்டும் 2004இல் முன்வைத்த கோட்பாட்டுக்கு வந்து சேர்வோம். வாழ்க்கைப் பாதுகாப்பு கூடக் கூடச் சமயப் பற்று குறையும் என்பது அவர்கள் முடிவு. வடக்கு ஐரோப்பிய நாடுகள் இதற்கு வலுவான சான்று. அங்கே கோடிக்கணக்கானவர் வழிபாடின்றி ஒழுங்கோடும் அன்போடும் வாழ்கிறார்கள். சமயம் இல்லாவிட்டால் மனிதர் கெட்டுப்போவார் என்ற பேச்சை அவர்கள் வாழ்க்கையே பொய்யாக்கிவிட்டது.

மலேசியத் தமிழரிடையே நடந்தது வேறு. தோட்டத்தை விட்டு நகரத்துக்குப் போனவர்கள், படித்தவர்கள், மலையிலேயே சொந்தமாகக் காய்கறித் தோட்டம் போட்டவர்கள் பெரும்பாலும் சமயத்தை விட்டு விலகிச் செல்லவில்லை. முனியாண்டி மேடைகள் ஆகமக் கோயில்களாகக் கட்டியெழுப்பப்பட்டுக் குடமுழுக்கு கண்டன. பிரிஞ்சாங்கின் தெண்டாயுதபாணி கோயில் மலையின் தமிழர் எல்லோருக்கும் பொதுவான இடம். பத்துமலைத் தைப்பூசத்தில் கூட்டம் தலைமுறைக்குத் தலைமுறை பெருகியது. இதற்கு ஒரு பகுதி விளக்கம் உண்டு: பாதுகாப்பு என்பது சோறும் சம்பளமும் மட்டுமன்று. தோட்டங்கள் கைமாறி வீட்டுமனைகளானபோது பட்டா இல்லாத கோயில்கள் ஆக்கிரமிப்பு ஆயின. 2007 அக்டோபர் 30 அன்று ஷா ஆலம் அருகே பாடாங் ஜாவா மகா மாரியம்மன் கோயில் இடிக்கப்பட்டது. நவம்பர் 25 அன்று பல்லாயிரம் தமிழர் கோலாலம்பூர்த் தெருக்களில் இறங்கினார்கள். தம்மை மறந்துவிட்ட நாட்டில் தம் இருப்புக்குச் சாட்சியாக அவர்கள் கையில் எஞ்சியிருந்தது கோயில்தான். அரசுக்கும் சமயம் தேவைப்பட்டது: 1969 கலவரத்துக்குப் பின் 1970இல் அறிவித்த ருக்குன் நெகாரா என்ற தேசியக் கோட்பாடுகளில் முதலாவதே இறைநம்பிக்கை. ஆனால் குடிமக்களை ஒழுங்கில் வைக்க அரசு நாடும் சமயத்தையும் லயத்து வாசலில் கரகத்துக்காகக் காத்து நிற்பவளின் சமயத்தையும் ஒரே தேவையாக எண்ணக் கூடாது.

சிறுபான்மையின் அச்சத்தையும் கழித்துவிட்டுப் பார்த்தால் எதுவும் மிஞ்சுகிறதா? மிஞ்சுகிறது என்பது என் துணிபு. அதை விளங்கிக்கொள்ள இங்கிள்ஹார்ட்டை விட நம் மரபு உதவுகிறது. மணிமேகலை முதலில் அமுதசுரபியை ஏந்திப் பசித்தவர்க்குச் சோறிடுகிறாள். அதன் பின்னரே வஞ்சிக்குச் சென்று, உலகாயதக் கொள்கையினனான பூதவாதி உட்படப் பல சமயத்தாரின் கொள்கைகளைக் கேட்கிறாள். வள்ளலார் வடலூரில் 1867இல் சத்திய தருமசாலையைத் தொடங்கி அடுப்பை மூட்டினார். சத்திய ஞான சபை 1872இல்தான் எழுந்தது. இருவரிடமும் வரிசை ஒன்றே: முதலில் பசி தீர வேண்டும். பசி தீர்ந்த பிறகு சமயத் தேடல் ஓயவில்லை. சரியான கேள்விகளோடு அப்போதுதான் தொடங்கியது. பாதுகாப்பின்மையை நீக்கினால் சமயம் நீங்கும் என்ற கணக்கு, பசியோடு பிறந்த சமயத்தை மட்டுமே கண்டது.

அப்படி மிஞ்சுவது என்ன என்று கேட்டால் நேர்த்திக்கடனைக் காட்டுவேன். பிள்ளைக்குக் காய்ச்சல் கடுமையாகிப் பிழைத்தால் மூன்று வருடம் தீ மிதிக்கிறேன் என்று ஒரு தாய் வேண்டிக்கொள்கிறாள். தோட்ட வாழ்க்கை கடன்களால் ஆனது: கங்காணி கொடுத்த முன்பணம், மளிகைக் கடைப் பற்று. அவற்றின் அளவை நிர்ணயித்தவர்கள் மற்றவர்கள். இந்த ஒன்றின் அளவை மட்டும் அவளே முடிவு செய்கிறாள். யாரும் கணக்குக் கேட்க முடியாது; ஆனால் ஊர் அறியும். மலையின் அதிகாலைக் குளிரில், ஈர மஞ்சள் சேலையோடு, வேப்பிலை பிடித்து, பூக்குழியின் ஓரத்தில் அவள் நிற்கும்போது தன் சொல்லைக் காப்பாற்றும் ஒருத்தியாக எல்லோர் கண்முன்னும் நிற்கிறாள். பிள்ளையைப் பிழைக்க வைத்தது மருந்தகத்து ஊசிதான் என்பதும் அவளுக்குத் தெரியும். நோயைத் தீர்த்தது எது என்ற கேள்விக்கு விடையாக அவள் தீ மிதிக்கவில்லை. தன்னால் ஆகாத ஒன்று தனக்கு நடந்துவிட்டது. அதற்கு ஈடாகத் தன்னால் ஆனதைச் செய்தாக வேண்டும் என்ற உந்துதலே அவளை அங்கே நிறுத்துகிறது. வறுமை தீர்ந்தாலும் சங்கம் வந்தாலும் இந்த உந்துதல் தீரக் காரணமில்லை.

இதைச் சமயமின்றிச் செய்ய முடியாதா என்பது நியாயமான மறுப்பு. முடியும் என்றே பகுத்தறிவாளர்கள் நம்பினார்கள், முயன்றார்கள். ஐயர் இன்றி, மந்திரம் இன்றி, கூடியிருப்போர் முன் உறுதிமொழி சொல்லும் சுயமரியாதைத் திருமணம் அவர்களுடைய அரிய படைப்பு. 1952இல் சாரங்கபாணி பொங்கலையொட்டித் தமிழர் திருநாளைத் தொடங்கி, சாதி சமயம் கடந்து தமிழரைக் கூட்டினார். இரண்டும் வெற்றி பெற்றன என்பதில் எனக்கு ஐயமில்லை. கூடுவதற்கும் வாக்குக் கொடுப்பதற்கும் கடவுள் கட்டாயம் இல்லை என்பதை அவை நிறுவின. ஆனால் சாவுக்கும் நோய்க்கும் தப்பிப் பிழைத்தலுக்கும் அப்படி ஒரு வடிவத்தை அந்த இயக்கம் தோட்டத்து மக்களுக்கு உருவாக்கித் தரவில்லை. பிள்ளை பிழைத்த தாய்க்கு அது பகுத்தறிவை விளக்கியது. அவள் கையில் எதையும் கொடுக்கவில்லை. சமயம் வேண்டாம் என்போர் தம் வாதத்தை முடித்துவிட்டதாகக் கருதும் இடம் இது. என் பார்வையில் அவர்கள் பணி தொடங்க வேண்டிய இடமும் இதுவே.

இன்று கேமரன் மலையில் கொழுந்து எடுப்பவர்களில் பெரும்பகுதியினர் வங்காளதேசம், நேபாளம், இந்தோனேசியா போன்ற நாடுகளிலிருந்து வந்தவர்கள். சில இடங்களில் கத்தரியும் இயந்திரமும் விரல்களின் வேலையை எடுத்துக்கொண்டன. தமிழ்க் குடும்பங்கள் குறைந்த லயங்களுக்கருகே கோயில்கள் நிற்கின்றன. வெளியேறிய பிள்ளைகள் திருவிழாவுக்கு வந்து போகிறார்கள். புதிதாக வந்தவர்களுக்கும் சமயம் உண்டு. தொழுகை உண்டு, பூசை உண்டு. ஆனால் அவர்களின் வேலை அனுமதி காலவரையறை உடையது. குடும்பத்தைக் கூட்டிவர அனுமதியில்லை. மூன்று வருடம் தீ மிதிக்கிறேன் என்று வேண்டிக்கொள்ள மூன்று வருடம் இதே ஊரில் இருப்போம் என்ற உறுதி வேண்டும். கரகம் நின்று போக ஒரு வாசல் வேண்டும், அந்த வாசலில் நிற்கக் குடும்பம் வேண்டும். முந்தைய தலைமுறைத் தமிழருக்குக் கங்காணி முறையின் கொடுமையிலும் இவை கிடைத்தன. இவர்களிடமிருந்து வழிபாட்டை யாரும் பறிக்கவில்லை. வழிபாடு வாக்காகவும் ஊராகவும் வளர்வதற்கு வேண்டிய காலத்தையும் குடும்பத்தையும் ஒப்பந்தம் பறித்துவிட்டது. தொழிற்சங்கமும் சட்டமும் இவர்களுக்காக முதலில் கேட்க வேண்டியவை அவையே.