கலியாணத்துக்கு என்ன அவசரம்?

எங்களைப் போல் கதை எழுதுகிறவர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. கதாநாயகியின் கழுத்தில் தாலி ஏறியதும் 'முற்றும்' என்று போட்டுவிடலாம். அந்தத் தாலி எந்த வயதில் ஏறியது, அவளை யாராவது கேட்டார்களா என்பதெல்லாம் சரித்திரத்தின் பாடு.

பழவேற்காடு ஏரியைச் சார்ந்த ஊர்களில் சுண்ணாம்புக்குளமும் ஒன்று. அந்தக் கரையோரத்து மீனவர்களிடையே 'தலைக்கட்டு' என்றொரு சொல் உண்டு. கலியாணமான ஆண் ஒரு தலைக்கட்டு. ஊர் வரி அவன் பேரில். ஊர்க் கூட்டத்தில் குரலும் அவனுக்கே. கலியாணம் ஆணை ஊர்க் கணக்கில் சேர்க்கிறது. பெண்ணோ தகப்பன் தலைக்கட்டிலிருந்து புருஷன் தலைக்கட்டுக்கு மாறுகிறாள். அவ்வளவுதான்!

இது மீனவர் வழக்கம் மட்டும் என்று நாம் நிம்மதி கொள்ள வேண்டாம். நாடு முழுவதும் பெண்ணின் வயது பெற்றோரின் கவலையாகவே இருந்தது. 11 வயதில் மணம் முடிக்கப்பட்ட பம்பாய் ருக்மாபாய், வளர்ந்தபின் அந்தக் கணவனிடம் போக மறுத்தார். 'போ, இல்லையேல் ஆறு மாதச் சிறை' என்று 1887-ல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 'சிறையே மேல்' என்றார் அவர். பிறகு லண்டன் சென்று படித்து டாக்டரானார். நம் புதுக்கோட்டையில் 1886-ல் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி 1912-ல் மருத்துவப் பட்டம் பெற்று, 1914-ல்தான் மணந்துகொண்டார். அப்போது அவருக்கு வயது 27!

சட்டம் மெள்ளப் பின்தொடர்ந்தது. சாரதா சட்டம் 1930-ல் பெண்ணுக்கு 14 வயது என்றது. 1949-ல் அது 15 ஆயிற்று. 1978-ல் 18 ஆயிற்று.

ஆனால் இதைவிட நுட்பமான மாறுதல் ஒன்று தமிழ்நாட்டில் நடந்தது. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரால், படித்த ஏழைப் பெண்ணின் கலியாணத்துக்கு அரசு 1989-ல் 5,000 ரூபாய் உதவி தந்தது. 18 வயது நிறைந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. 2022-ல் அந்தத் திட்டமே 'புதுமைப் பெண்' என்று மாறியது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சேரும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய், அவளுடைய பாங்குக் கணக்கிலேயே சேரும். தாலிக்கென்று தந்த பணம் படிப்புக்கு வந்துவிட்டது பார்த்தீர்களா?

இத்தனைக்குப் பிறகும், 2019-21 கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 20 முதல் 24 வயதுவரை உள்ள பெண்களில் நூற்றுக்குச் சுமார் 13 பேர் 18 வயதுக்கு முன்பே மணமானவர்கள். தாய் கூடை சுமந்து மீன் விற்கப் போனால் தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்பவள் மூத்த பெண். பாடு குறைந்த மாதத்தில் முதலில் நிற்பதும் அவள் படிப்புத்தான். படிப்பு நின்ற வீட்டில் அடுத்த பேச்சு என்னவாக இருக்கும்? 'எங்கேயாவது பார்த்துக் கொடுத்துவிடுவோம்' என்பதுதான்.

இன்றைய பெண் கலியாணத்தை வெறுக்கிறாள் என்று சிலர் புலம்புகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முதலில் படிப்பு, பிறகு ஒரு வேலை, பிறகு கலியாணம் என்று அவள் வரிசையைத்தான் மாற்றியிருக்கிறாள். இன்னொருவர் கணக்கில் சேருமுன் தன் பேரில் ஒரு கணக்கு வேண்டும் என்கிறாள். இது பேராசையா? நம் வீட்டுப் பெண்ணுக்கு நியாயம் என்றால் ஏரிக்கரைப் பெண்ணுக்கும் அதுவே நியாயம்.