கங்காணிக்கு மேல ஒரு கங்காணி

"எங்க வேலை செய்யுறாய்?" என்று கேட்டால் எங்கட நண்பர்கள் சிலர் இரண்டு பெயர் சொல்லுவினம். ஒன்று, ஒவ்வொரு நாளும் போய் வேலை செய்யிற கம்பனி. மற்றது, சம்பளம் போடுற மேன்பவர் ஏஜென்சி. வெளிநாட்டுப் பெரிய கம்பனிகளில் மூன்றாவது பெயரும் ஒன்று இருக்கு. பல ஏஜென்சிகளிடம் ஆள் எடுக்கிற கம்பனி, அந்த ஏஜென்சிகளையெல்லாம் மேய்ப்பதற்கென்றே இன்னொரு நிறுவனத்தை வைக்கும். எத்தனை ஆள் வேணும், எந்த ஏஜென்சிக்கு எத்தனை, நாளுக்கு என்ன விலை, யார் வந்தது, யார் வரேல்லை எல்லாவற்றையும் அது பார்த்துக்கொள்ளும். கம்பனிக்கு மாதக் கடைசியில் ஒரே ஒரு பில். இதற்கு 'மனேஜ்ட் சேர்விஸ் புரொவைடர்' என்று பெயர். 1990களில் அமெரிக்காவில் வளர்ந்த முறை.

புதுசு என்றுதான் நாங்களும் நினைச்சம். மலையக வரலாற்றை வாசிக்கத் தொடங்கின பிறகுதான், இதே வேலையைச் செய்த ஒரு அலுவலகம் நூறு வருசத்துக்கு முதலே திருச்சிராப்பள்ளியில் இருந்தது தெரிய வந்தது.

கதையைக் கோப்பிக் காலத்தில் இருந்து பார்ப்பம். தோட்டத்துரைக்கு ஆள் வேணும். ஆனால் தமிழ்நாட்டு ஊர்களில் அவருக்கு யாரையும் தெரியாது. அதனால் கங்காணியிடம் முற்பணம் கொடுத்து அனுப்பினார். கங்காணி தன் ஊருக்கும் சுற்றியுள்ள ஊர்களுக்கும் போய், சொந்தக்காரர், தெரிந்தவர் என்று ஆள் கட்டிக் கூட்டி வந்தார். பயணச் செலவு, வழிச் சாப்பாடு, ஊரில் அடைத்த பழைய கடன் எல்லாம் தொழிலாளியின் பெயரில் பற்றாக ஏறியது. அந்தக் கணக்கு கங்காணியின் கையில்தான் இருந்தது. தோட்டத்திலும் அவர்தான் மேற்பார்வை. பெரிய கங்காணி, அவருக்குக் கீழே சில்லறைக் கங்காணிகள். ஆட்கள் பிரட்டுக்கு வந்து பேர் விழுந்தால்தான் கங்காணிக்குத் தலைக்காசு. ஆள் எண்ணிக்கைக்குத்தான் அவருக்கும் வருமானம்.

சட்டப்படி பார்த்தால் இந்தத் தொழிலாளர்கள் 'சுதந்திரமானவர்கள்'. பிஜிக்கும் மொரீசியசுக்கும் போனவர்களைப் போல ஐந்து வருச ஒப்பந்தம் இல்லை. மாத ஒப்பந்தம்தான், ஒரு மாத முன்னறிவித்தல் கொடுத்து விலகலாம். ஆனால் முன்னறிவித்தல் இல்லாமல் போனால் 1865ஆம் ஆண்டுச் சட்டப்படி சிறை. முறையாகப் போவதென்றாலும் 'துண்டு' வேணும். இந்தக் கூட்டத்துக்கு இவ்வளவு கடன், அதைத் தருபவர் ஆட்களை எடுத்துக்கொள்ளலாம் என்று தோட்டத்துரை எழுதிக் கொடுக்கும் கடதாசிதான் துண்டு. அடுத்த தோட்டம் அந்தக் கடனைக் கட்டி ஆட்களை எடுக்கும். கங்காணி அங்கே இன்னும் கூட முற்பணம் கேட்பார். தோட்டம் மாறினாலும் கடன் கூடவே வரும், சில நேரம் பெருத்தும் வரும்.

இதில் துரைமாருக்கும் தலையிடி இருந்தது. ஆளுக்காக ஒரு தோட்டம் இன்னொரு தோட்டத்தோடு போட்டி போட, முற்பணம் ஏறிக்கொண்டே போனது. காசை வாங்கிப் போன கங்காணி சில நேரம் திரும்பி வரவே இல்லை. இதற்குத்தான் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தகரத் தகட்டு முறை வந்தது. தோட்டத்தின் அடையாளமும் இலக்கமும் பொறித்த சின்னத் தகடு ஒன்று தொழிலாளியிடம் இருக்கும். அதைக் காட்டினால் பயணம். செலவு தோட்டத்தின் கணக்கில் ஏறும். 1904இல் தோட்டத்துரைமார் சங்கம் திருச்சிராப்பள்ளியில் இலங்கைத் தொழிலாளர் ஆணையகத்தை நிறுவியது. ஆள் கட்டுற வேலை கங்காணியிடமே இருந்தது. அவரைக் கவனிப்பது, காசு போகிற வழியை ஒழுங்குபடுத்துவது, ஆள் வந்து சேருவதைப் பார்ப்பது ஆணையகத்தின் பொறுப்பு. இடைத்தரகரை நீக்காமல் அவருக்கு மேல இன்னொரு இடைத்தரகரை வைச்சதுதான் நடந்தது.

இந்த ஒழுங்கு யாருடைய பிரச்சினையைத் தீர்த்தது? தோட்டத்துக்குச் செலவும் கணக்கும் தெளிவானது. தொழிலாளியின் கடன் அப்படியே இருந்தது, துண்டும் இருந்தது. 1904க்குப் பிறகு 17 வருசம் கழித்து, 1921இல் சட்டம் வந்துதான் துண்டு முறை தடை செய்யப்பட்டது. அதற்குப் பின்னால் இந்தியாவின் அழுத்தம் இருந்தது. இந்தியக் குடிபெயர்வுச் சட்டம் 1922இல் வந்தது. ஆள் கொண்டுவரும் செலவைத் தொழிலாளியின் தலையில் கட்டக்கூடாது என்பதும் அதற்குப் பிறகு விதியானது. 1927இல் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்தது. தொழிலாளிக்குக் கிடைத்த கொஞ்ச விடுதலையும் சட்டத்தால் வந்ததே தவிர, நிர்வாகத் திறமையால் வரவில்லை.

இன்றைய ஏஜென்சியும் அன்றைய கங்காணியும் ஒன்று என்று நாங்கள் சொல்ல வரவில்லை. வேலையை விட்டால் இன்றைக்கு யாரும் சிறைக்கு அனுப்பப் போவதில்லை. துண்டு கேட்கவும் மாட்டார்கள். ஆனால் 'என்ர முதலாளி யார்?' என்ற கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது. அமெரிக்காவில் மைக்ரோசொப்ட் நிறுவனத்தில் வருசக்கணக்காக வேலை செய்தவர்கள், 'தற்காலிக ஆட்கள்' என்ற பெயரில் நிரந்தர ஊழியருக்குரிய சலுகைகள் இல்லாமல் இருந்தார்கள். அவர்கள் போட்ட வழக்கு 2000ஆம் ஆண்டு 97 மில்லியன் டொலர் இணக்கத்தில் முடிந்தது. கடதாசியில் என்ன பெயர் எழுதியிருந்தாலும், உண்மையில் யாருக்குக் கீழே வேலை செய்கிறார்கள் என்பதுதான் அந்த வழக்கில் முக்கியமான கேள்வியாக இருந்தது.

எங்கட நாட்டில் அந்தக் கேள்வியைக் கேட்க ஒரு லேசான வழி இருக்கு. 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி சம்பளத்தில் 12 வீதமும் ஊழியர் 8 வீதமும் கட்ட வேணும். மேன்பவர் மூலம் வேலைக்குச் சேருகிற அன்றைக்கே கேளுங்கோ: இந்த 12 வீதத்தை யார் கட்டுறது? எந்தப் பெயரில்? வேலையில கை வெட்டுப்பட்டால் யார் பொறுப்பு? ஆளை ஆள் கை காட்டினால், அன்றைக்குத் தகடு கொடுத்து அனுப்பிய மாதிரித்தான் உங்களுக்கும் ஒரு இலக்கம் கொடுத்திருக்கினம் என்று விளங்கிக்கொள்ளுங்கோ.

தகரத் தகட்டில் தோட்டத்தின் அடையாளமாவது இருந்தது. செலவு எந்தக் கணக்கில் ஏறவேணும் என்று அதைப் பார்த்தாலே தெரிந்துவிடும். எங்கட கையில இருக்கிற நியமனக் கடிதத்தைப் பார்த்து அப்படிச் சொல்ல ஏலுமா என்று ஒருக்கா எடுத்து வாசிச்சுப் பார்ப்பம்.