அக்ரிலிக் ஓவியம்: இளையோருக்கான தொடக்கநிலை

அக்ரிலிக் ஓவியம் என்பது அக்ரிலிக் பாலிமர் பால்மத்தில் நிறமியைக் கலந்து தயாரிக்கும் வண்ணத்தால் தீட்டப்படும் ஓவியம். ஈரமாக இருக்கும்வரை இவ்வண்ணம் தண்ணீரில் கரையும். காய்ந்துவிட்டால் தண்ணீர் பட்டாலும் அசையாது. மெல்லிய பூச்சு பத்து முதல் முப்பது நிமிடங்களில் தொடும் அளவுக்கு உலர்ந்துவிடும். விரைவில் காய்வதும் காய்ந்தது திரும்பக் கரையாததும்தான் இதன் அடிப்படைக் குணங்கள். தொடக்கநிலையாளருக்குச் சொல்லப்படும் விதிகள் பெரும்பாலும் இவற்றிலிருந்தே பிறந்தவை.

வரலாறு

ஜெர்மானிய வேதியியலாளர் ஓட்டோ ரோம் 1901-இல் தமது முனைவர் பட்ட ஆய்வில் அக்ரிலிக் சேர்மங்களை ஆராய்ந்தார். 1907-இல் ஓட்டோ ஹாஸுடன் சேர்ந்து ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். கண்ணாடிபோல் தெளிந்த அக்ரிலிக் தகடு 1930-களில் பிளெக்ஸிகிளாஸ் என்ற பெயரில் சந்தைக்கு வந்தது.

அதே காலத்தில் மெக்சிகோவின் சுவரோவியர்கள், வெயில் மழையைத் தாங்கி விரைவில் உலரும் வண்ணத்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அவர்களுள் ஒருவரான தாவித் அல்ஃபாரோ சிக்கெய்ரோஸ் 1936-இல் நியூயார்க்கில் நடத்திய பட்டறையில் தொழிற்சாலை வண்ணங்களைக் கொண்டு சோதனைகள் நடந்தன. இளைஞரான ஜாக்சன் பொல்லாக் அதில் கலந்துகொண்டார். 1940-களின் இறுதியில் லியனார்ட் போகூரும் சாம் கோல்டனும் 'மாக்னா' என்ற அக்ரிலிக் வண்ணத்தை உருவாக்கினர். அதைக் கரைக்க டர்பன்டைன் தேவைப்பட்டது. அமெரிக்காவில் ஹென்றி லெவிசன் 1955-இல் அறிமுகப்படுத்திய 'லிக்விடெக்ஸ்' தண்ணீரிலேயே கரைந்தது. டர்பன்டைன் நெடி இல்லாததால், வீட்டுக் கூடத்தில் அமர்ந்து சிறுவர்களும் பயன்படுத்தும் வண்ணமாக அக்ரிலிக் மாற வழி பிறந்தது.

உலரும் விதம்

பாலில் கொழுப்புத் துளிகள் மிதப்பதுபோல, அக்ரிலிக் வண்ணத்தில் பாலிமரின் நுண்துளிகள் தண்ணீரில் மிதக்கின்றன. தண்ணீர் ஆவியாகும்போது அவை ஒன்றையொன்று நெருங்கி, உருகிச் சேர்ந்ததுபோல ஒரே படலமாகிவிடும். நிறமி அந்தப் படலத்துக்குள் சிக்கிக்கொள்ளும். சுவருக்கு அடிக்கும் எமல்ஷன் பெயின்டும் இப்படித்தான் காய்கிறது.

இரண்டு விளைவுகளை இங்கே கவனிக்க வேண்டும். ஈரத்தில் வெண்மையாகத் தெரியும் பால்மம் காய்ந்தால் தெளிந்துவிடுவதால், வண்ணம் தட்டில் இருந்ததைவிடக் கொஞ்சம் அடர்த்தியாகத் தெரியும். நேற்றுப் பூசிய வானத்தோடு இன்று கலக்கிய நீலம் ஒட்டாமல் போவது இதனால்தான். கலவையை ஒரு துண்டுக் காகிதத்தில் தொட்டுவைத்து, காய்ந்த பிறகு ஒப்பிட்டுப் பார்ப்பதே வழி. இரண்டாவது, வெப்பநிலை. சுமார் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே படலம் சரியாகக் கூடிவராது. தமிழ்நாட்டுச் சமவெளியில் சிக்கல் இதற்கு நேர்மாறானது: மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்தால் தட்டிலேயே வண்ணம் காய்ந்துவிடும்.

தேவையான பொருட்கள்

தளம்: 8×10 அங்குல கேன்வாஸ் போர்டு தொடங்குவதற்குப் போதும். 300 ஜிஎஸ்எம் கனமுள்ள காகிதமும் பயன்படும். சாதாரண ஓவிய நோட்டுத் தாள் ஈரத்தில் சுருளும். பலகையிலோ அட்டையிலோ தீட்டுவதானால் முதலில் ஜெஸ்ஸோ பூச வேண்டும். சுவருக்கு பிரைமர் அடிப்பது எதற்கோ, அதற்காகத்தான் இதுவும். கடையில் வாங்கும் கேன்வாஸ் போர்டுகளில் பெரும்பாலும் இது பூசியே இருக்கும்.

வண்ணங்கள்: இருபத்து நான்கு நிறப் பெட்டியைவிட ஆறு ட்யூப்கள் அதிகம் கற்றுத்தரும். லெமன் மஞ்சள், கிரிம்சன் சிவப்பு, அல்ட்ராமரீன் நீலம், தாலோ நீலம், பர்ன்ட் சியன்னா, டைட்டானியம் வெள்ளை. வெள்ளைதான் முதலில் தீரும் என்பதால் அதை மட்டும் பெரிய ட்யூபாக வாங்கலாம். மாணவர் தர வண்ணத்தில் நிறமி குறைவு, விலையும் குறைவு. பழகுவதற்கு அதுவே போதும்.

தூரிகைகள்: நைலான் போன்ற செயற்கை இழையால் ஆனவை ஏற்றவை. பரப்பு நிரப்ப அரை அங்குலத் தட்டைத் தூரிகை ஒன்று, உருவத்துக்கு நடுத்தர உருண்டைத் தூரிகை ஒன்று, நுணுக்கத்துக்குச் சிறியது ஒன்று.

மற்றவை: இரண்டு தண்ணீர்க் குவளைகள் (கழுவ ஒன்று, கலக்க ஒன்று), பழைய துணி, தண்ணீர் தெளிக்கும் சிறு புட்டி. ஒரு தட்டில் ஈரமான டிஷ்யூ காகிதத்தை மடித்து வைத்து, அதன்மேல் பட்டர் பேப்பரை விரித்தால் ஈரத்தட்டு தயார். அதில் பிதுக்கிய வண்ணம் நெடுநேரம் காயாது.

நிறக்கலவை

வெளிர் நிறத்தோடு அடர் நிறத்தைத் துளித்துளியாகச் சேர்க்க வேண்டும். மாற்றிச் செய்தால் தட்டு நிறைய வண்ணம் வீணாகும். எந்த நீலம் என்பதும் முக்கியம். லெமன் மஞ்சளோடு தாலோ நீலம் சேர்ந்தால் நாற்றங்காலின் பளிச்சென்ற பச்சை வரும். அல்ட்ராமரீனில் சிவப்புச் சாயல் உண்டு. அதே மஞ்சளோடு அது சேர்ந்தால் முற்றிய மாவிலையின் மங்கிய பச்சை கிடைக்கும். அல்ட்ராமரீனும் பர்ன்ட் சியன்னாவும் சேர்ந்தால் கிட்டத்தட்டக் கறுப்பு. ஆகவே கறுப்பு ட்யூப் இல்லாமலே காலம் தள்ளலாம்.

முதல் பயிற்சி: ஓர் எலுமிச்சம்பழம்

எளிய வடிவமும் தெளிவான ஒளி நிழலும் இருப்பதால் ஒற்றை எலுமிச்சை நல்ல தொடக்கம். அதைச் சன்னலோரம் வைத்து, வெளிச்சம் ஒரே பக்கத்திலிருந்து விழும்படி பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதலில் தளம் முழுவதும் நீர்த்த பர்ன்ட் சியன்னாவை மெல்லியதாகத் தடவிக் காயவிடலாம். வெள்ளைப் பரப்பின் கூச்சம் போய்விடும். பழத்தின் எல்லையைத் தூரிகையாலேயே கோடிட்டு, பின்னணியை முதலில் நிரப்ப வேண்டும். பிறகு பழம் முழுவதற்கும் நடுத்தர மஞ்சள். அது காய்ந்ததும் நிழல். மஞ்சளோடு கறுப்பைச் சேர்த்தால் நிழல் கருக்காது, ஆலிவ் பச்சையாகிவிடும். பழம் அழுகியதுபோல் தோன்றும். மஞ்சளில் சிறிது பர்ன்ட் சியன்னாவும், கிரிம்சனும் அல்ட்ராமரீனும் கலந்த ஊதாவின் ஒரு துளியும் சேர்த்தால் வெதுவெதுப்பான நிழல் கிடைக்கும். மேசையில் விழும் நிழல் பழத்தின் அடியில் அடர்ந்தும், விலக விலக மங்கியும் இருக்க வேண்டும். ஒளி படும் இடத்தில் மஞ்சள் கலந்த வெள்ளையை வைத்து, கடைசியாக ஒரு சுத்தமான வெள்ளைப் புள்ளியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

நிழலும் ஒளியும் சந்திக்கும் இடத்தை இழைக்க நினைத்தால், இரண்டும் ஈரமாக இருக்கும்போதே உலர்ந்த தூரிகையால் வருட வேண்டும். நேரம் தவறிவிட்டால் தேய்க்கக் கூடாது. காயவிட்டு, இடைநிறம் ஒன்றைக் கலக்கி மேலே பூசுவதே முறை. முதல் பூச்சில் அடித்தளம் தெரிந்தால் கவலை வேண்டாம். சுவருக்குப்போலவே இதற்கும் இரண்டாம் கோட்டு உண்டு.

வழக்கமான தவறுகள்

பாதி காய்ந்த பரப்பில் மீண்டும் தூரிகையை ஓட்டினால் படலம் பிய்ந்து திட்டுத் திட்டாக எழும். வாட்டர் கலர் பழக்கத்தில் தண்ணீரை அதிகமாகச் சேர்த்தால் பசைத்தன்மை குறைந்து, ஜெஸ்ஸோ பூசிய தளத்தில் வண்ணம் சரியாகப் பிடிக்காது. தூரிகையைத் தண்ணீரில் தலைகீழாக ஊறவைத்தால் நுனி வளைந்துவிடும். காயவிட்டாலோ இழைகள் கல்லாக இறுகும். தீட்டும்போது இடையிடையே அலசி, முடிந்ததும் வெதுவெதுப்பான நீரும் சோப்பும் கொண்டு கழுவி, படுக்கை வாட்டில் உலர்த்த வேண்டும்.

பாதுகாப்பு

சட்டையில் பட்ட வண்ணத்தை உடனே சோப்புத் தண்ணீரில் அலசினால் போய்விடும். காய்ந்த பின் கறை நிலைத்துவிடும். ஆகவே பழைய சட்டையே ஓவியச் சட்டை. காட்மியம், கோபால்ட் அடங்கிய நிறமிகள் உடலுக்குள் போவது நல்லதல்ல. சிறுவர்கள் அவற்றின் மாற்று நிறங்களையே வாங்குவது நல்லது. தூரிகையை வாயில் வைத்து நுனி கூர்மையாக்கும் பழக்கம் எந்த வண்ணத்துக்கும் கூடாது. தட்டில் மிஞ்சியதைக் காயவிட்டு உரித்துக் குப்பையில் போட வேண்டும். தொட்டியில் ஊற்றினால் அது குழாயை அடைக்கும். பிளாஸ்டிக் என்பதால் நீரோட்டத்துக்கும் கேடு.

பார்த்துக் கற்க

ஆன்டி வார்ஹோலின் 'கேம்ப்பெல் சூப் டப்பாக்கள்' (1962) 32 கேன்வாஸ்களைக் கொண்டது; தட்டையான, சீரான பரப்புக்கு எடுத்துக்காட்டு. டேவிட் ஹாக்னியின் 'எ பிக்கர் ஸ்பிளாஷ்' (1967) லண்டனில் டேட் கலைக்கூடத்தின் தொகுப்பில் உள்ளது. அதன் வானத்தையும் நீச்சல்குளத்தையும் உருளையால் நிரப்பியவர், நொடியில் மறையும் நீர்த்தெறிப்பைச் சிறு தூரிகைகளால் ஏறத்தாழ இரண்டு வாரம் தீட்டினார். எஸ். எச். ரசா 1983-இல் வரைந்த 'சௌராஷ்டிரா' அக்ரிலிக்கால் ஆனது. சிவப்பும் காவியும் அடுக்கடுக்காக ஒளிர்வதை அதில் காணலாம். தையப் மேத்தாவின் 'செலிப்ரேஷன்' (1995) மூன்று பகுதிகளாக அமைந்த பெரிய அக்ரிலிக் ஓவியம்.

எலுமிச்சையைத் தீட்டிப் பார்த்த கை, இந்த ஓவியங்களின் அச்சுப்படிகளில் எந்தப் பூச்சு முதலில் வந்தது, எது அதன்மேல் ஏறியது என்று தேடத் தொடங்கும்.